ஹெட்லைட் போட்டா வண்டி ஏன் உதறுது? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறது) பத்திதான். அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், என்னோடது பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. ஓடும்போது ஒரு குறையும் இல்ல. சிக்னல்ல நிக்கும்போது ஹெட்லைட், பின் கண்ணாடி டீஃபாகர், ப்ளோயர் மூணையும் சேர்த்து போட்டா ஆர்.பி.எம் முள்ளு 800ல இருந்து 600க்கு கீழ இறங்கிடுது, ஸ்டியரிங் உதறுது, லைட்டும் லேசா மங்குது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணா பழையபடி ஆயிடுது. இத்தனைக்கும் ஏ.சி போடவே இல்ல. ஒரு மெக்கானிக் ஆல்டர்நேட்டர் போச்சு மாத்துங்கன்றார், இன்னொருத்தர் ஐட்லிங்கை ஏத்தி வச்சுக்கலாம்ன்றார். யார் சொல்றதை கேக்குறது?

பதில்: இப்போதைக்கு ரெண்டு பேர் சொல்றதையும் கேக்காதீங்க. ஆல்டர்நேட்டர் போயிருக்கவும் ஒருவேளை வாய்ப்பு இருக்கு, ஆனா ரெண்டு பேருமே எதையும் அளந்து பாக்காம சொல்லியிருக்காங்க.

மொதல்ல ஒண்ணு. லைட் போட்டா இன்ஜினுக்கு ஏன் பாரம் ஏறுதுன்னு நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல, கரண்ட் பேட்டரியிலருந்துதானே வருதுன்னு நெனச்சுக்கிறாங்க. வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு கரண்ட் குடுக்கறது ஆல்டர்நேட்டர், அதை சுத்துறது இன்ஜின். நீங்க ஸ்விட்ச் போட போட அது உள்ள காந்த சக்தி கூடும், சுத்துறதுக்கு இறுக்கமாகும், அந்த இறுக்கம் பெல்ட் வழியா நேரா கிராங்க்குக்கு (இன்ஜினோட சுத்தற தண்டுக்கு) போகும். கணக்கு போட்டு பாருங்க: ஹெட்லைட்டும் பார்க் லைட்டும் சேர்ந்து ஒரு 10 ஆம்பியர், டீஃபாகர் 15, ப்ளோயர் ஃபுல்லுல வச்சா 15லருந்து 20, ரேடியேட்டர் ஃபேன் ஓடினா அது ஒரு 15, இது போக பெட்ரோல் பம்ப், இக்னிஷன், ஈசியூ (இன்ஜினை கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) எல்லாத்துக்கும் ஒரு 10, 15. மொத்தம் 60 ஆம்பியரை தாண்டிடுது. 14 வோல்ட்டுல 60 ஆம்பியர்னா 840 வாட். ஆல்டர்நேட்டர் தான் வாங்கற சக்தியில பாதிக்கு கொஞ்சம் மேலதான் கரண்ட்டா திருப்பி குடுக்கும், அதனால இன்ஜின் கிட்டத்தட்ட ரெண்டு குதிரைத்திறன் கூடுதலா போடணும். ரோட்டுல ஓடும்போது இது உங்களுக்கு தெரியவே தெரியாது. ஐட்லிங்ல இன்ஜின் தன்னைத்தானே சுத்திக்கற அளவுக்குத்தான் பெட்ரோல் குடிச்சிட்டு இருக்கும், அப்ப இது பெரிய பாரம்.

ஆக லோடு போட்ட உடனே முள்ளு லேசா ஒரு 30, 50 அசைஞ்சுட்டு ஒரு செகண்டுல திரும்ப நின்னுட்டா அது நோயே இல்ல. ஈசியூ என்ன பண்ணுதுன்னா உடனடியா ஸ்பார்க் டைமிங்கை முன்னாடி தள்ளும், பின்னாடியே த்ராட்டிலை ஒரு மயிரிழை திறந்து காத்து கூட்டும். உங்க வண்டியில முள்ளு இறங்கி இறங்கின இடத்துலயே நிக்குது, அதாவது ஈசியூ சரி பண்ண பாக்குது, அதால முடியல. ஏன் முடியலன்றதுதான் கேள்வி. ஆல்டர்நேட்டர் இழுக்கறதா, இன்ஜினுக்கு தெம்பு இல்லாததா? என் அனுபவத்துல முக்கால்வாசி ரெண்டாவதுதான், லோடு வந்ததும் ஏற்கனவே இருந்த குறை வெளிய தெரிய ஆரம்பிக்குது, அவ்வளவுதான். அதுக்கு ஆல்டர்நேட்டரை மாத்துனா தலைவலிக்கு தலைகாணியை மாத்துன கதைதான்.

அதனால ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி இதை மட்டும் கவனிங்க: லோடு போடும்போது ஆர்.பி.எம் விழுதா, வோல்ட் விழுதா, இல்ல ரெண்டும் விழாம வண்டி மட்டும் நடுங்குதா? முள்ளை நம்பாதீங்க, பல வண்டியில டேஷ்போர்டு முள்ளு சும்மா சமாளிச்சு காட்டும், ஒரு ஸ்கேனர் (ஈசியூ சொல்றதை படிச்சு காட்டற கருவி) மாட்டி நம்பரா பாருங்க. வோல்ட்டுக்கு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

வோல்ட் பாக்கறது எப்படின்னா, ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலைல எதையும் போடாம பேட்டரியில வச்சா 12.6 இருக்கணும், 12.2 இருந்தா பாதி சார்ஜ்தான் இருக்குன்னு அர்த்தம். பேட்டரி காலியா இருந்தா ஆல்டர்நேட்டர் உங்க லைட்டுக்கும் குடுத்து பேட்டரிக்கும் குடுத்து எப்பவுமே முழு பாரத்துல ஓடும், அது ஒண்ணே இன்ஜினை உதற வைக்க போதும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க, 13.8லருந்து 14.5க்குள்ள வரணும். (புது வண்டி சிலதுல ஈசியூவே வேணும்னே 12.8 மாதிரி குறைச்சு வைக்கும், ஹெட்லைட் போட்டதும் 14க்கு ஏறிடும், அதனால லோடு போடாம பாத்துட்டு ஆல்டர்நேட்டர் அவுட்னு முடிவு பண்ணிடாதீங்க.) இப்ப மூணு லோடையும் போடுங்க. 13.3, 13.5 அந்த மாதிரி நின்னா நல்லது. 12.8க்கு கீழ போய் இன்னும் இறங்கிட்டே இருந்தா ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு 1,800ல பிடிங்க. உடனே 14க்கு வந்துட்டா ஆல்டர்நேட்டர் முழுசா சாகல, ஐட்லிங்ல வேகம் பத்தல இல்லன்னா பெல்ட் சறுக்குது, ஏன்னா அதோட புல்லி சின்னது, இன்ஜின் 750 சுத்தினா அது 2,000 கிட்ட சுத்தும், அந்த வேகத்துல அது தன்னோட முழு ஆம்பியரை குடுக்கவே குடுக்காது. இன்ஜின் ஆர்.பி.எம் 600க்கு விழுந்துட்டா ஆல்டர்நேட்டர் இன்னும் மெதுவா சுத்தும், வோல்ட் இன்னும் விழும், வோல்ட் விழுந்தா இன்ஜெக்டர் லேட்டா திறக்கும், இக்னிஷன் காயில் சரியா சார்ஜ் ஆகாது, ஸ்பார்க் வீக் ஆகும், இன்ஜின் இன்னும் உதறும். உங்க லைட் மங்குறது இந்த சுத்தலாவும் இருக்கலாம். அதனாலதான் லைட் மங்குது ஆல்டர்நேட்டர் போச்சுன்னு ஒரே வரியில சொல்ல முடியாதுன்றேன்.

1,800லயும் ஏறலன்னா ஆல்டர்நேட்டர் பின்னாடி இருக்கற பெரிய நட்டுலயே நேரா மீட்டரை வச்சு பாருங்க. அங்க 14.2 இருந்து பேட்டரியில 13.2தான் வந்தா நடுவுல கேபிள் திங்குது. அங்கயே வரலன்னாத்தான் ஆல்டர்நேட்டரை கழட்டணும்.

அடுத்தது எர்த். இதை யாருமே பாக்க மாட்டேங்கறாங்க, எனக்கு இதுல கொஞ்சம் கோவம் கூட உண்டு, ஏன்னா செலவே இல்லாத வேலை. எல்லா லோடும் போட்டு, வண்டி ஓடும்போதே, மீட்டரோட கருப்பு முனையை பேட்டரி மைனஸ் போஸ்ட்டுல வைங்க (மேல மாட்டியிருக்கற கிளாம்ப்புல இல்ல, ஈயப் போஸ்ட்டுலயே), சிவப்பை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல வைங்க. 0.1 வோல்ட் இருந்தா சூப்பர். 0.2க்கு மேல போனா இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டை துரு பிடிச்சிருக்கு, இல்ல போல்ட் லூசு. மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு: ஜம்பர் கேபிள் ஒண்ணை எடுத்து ஒரு நுனியை இன்ஜின் இரும்புலயும், இன்னொரு நுனியை பேட்டரி மைனஸ்லயும் மாட்டுங்க, பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் போகாம பாத்துக்கங்க. மாட்டின உடனே உதறல் அடங்கிட்டா விஷயம் முடிஞ்சுது, எர்த் பட்டையை கழட்டி உப்புத்தாள் போட்டு தேய்ச்சு மாட்டுனா போதும்.

வோல்ட் எல்லாம் நல்லா இருக்கு, ஆர்.பி.எம் மட்டும் விழுதுன்னா இனி இன்ஜின் பக்கம் வாங்க. லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியில நான் மொதல்ல சந்தேகப்படறது த்ராட்டில் பாடி. ஏர் ஃபில்டர்ல இருந்து வர்ற பெரிய ரப்பர் குழாயை கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, பித்தளை கலர்ல ஒரு வட்டத் தகடு மூடியிருக்கும், அதோட ஓரத்தை சுத்தி கண் மை இட்ட மாதிரி கருப்பு வளையம் தெரியும். ஐட்லிங்குக்கு வர்ற காத்து முழுக்க அந்த ஓரத்து இடுக்கு வழியாத்தான் வருது, அங்க கரி அடைச்சா ஈசியூ தகட்டை கொஞ்சம் கொஞ்சமா கூட திறந்து திறந்து பழகிக்கும், ஒரு கட்டத்துல லோடு வரும்போது கூட குடுக்க அதுகிட்ட இடம் இருக்காது. கொஞ்சம் பழைய வண்டியா இருந்தா தனியா ஐட்லிங் வால்வு இருக்கும், அதுவும் இதே மாதிரி பிசுபிசுன்னு ஒட்டிக்கும். த்ராட்டில் கிளீனரை துணியில அடிச்சு மெதுவா துடைங்க, சுரண்டாதீங்க, சில தகட்டுல மெல்லிசா ஒரு பூச்சு இருக்கும் அது போயிடும். மோட்டார் வச்ச எலக்ட்ரானிக் த்ராட்டில்னா சாவி ஆன்ல இருக்கும்போது விரலை உள்ள விடவே விடாதீங்க, மோட்டார் படக்குன்னு மூடும், உள்ள இருக்கறது பிளாஸ்டிக் பல்சக்கரம், விரலுக்கும் நல்லதில்ல அதுக்கும் நல்லதில்ல.

அதுவும் சுத்தம்னா ஸ்கேனர்ல ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எவ்வளவு சதவீதம் கூட்டி குறைக்குதுன்ற கணக்கு) பாருங்க. ஐட்லிங்ல பிளஸ் 15, 20ன்னு காட்டி 2,500 ஆர்.பி.எம்ல பிடிச்சா பிளஸ் 3க்கு இறங்கிட்டா எங்கயோ வேக்யூம் ஹோஸ் வெடிச்சு கள்ளக் காத்து உள்ள போகுதுன்னு வச்சுக்கலாம். ஐட்லிங்ல மொத்த காத்தே கொஞ்சம்தான், அதுல கள்ளக் காத்து பெரிய பங்கு, வேகத்துல அது கடல்ல கரைஞ்சிடும். ட்ரிம்மும் ஒழுங்கா இருந்தா மிஸ்ஃபயர் கவுண்ட் (சிலிண்டர் எத்தனை தடவை சரியா எரியாம விட்டுச்சுன்ற எண்ணிக்கை) பாருங்க, ஒரே சிலிண்டர்ல மட்டும் ஏறிட்டு இருந்தா அந்த காயிலை பக்கத்து சிலிண்டருக்கு மாத்தி போடுங்க, மிஸ்ஃபயரும் கூடவே போச்சுன்னா காயில், போகலன்னா பிளக்கோ இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ. பி0506 கோடு வந்தா ஐட்லிங் இருக்க வேண்டியதை விட கம்மின்னு அர்த்தம், பி0171 கலவை லீன் (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி), பி0562 வோல்ட் கம்மி. இந்த மூணுல எது இருக்குன்னு பாத்தாலே எந்தப் பக்கம் போகணும்னு பாதி தெரிஞ்சிடும்.

ஐட்லிங்கை ஏத்தி வைக்கறதா? இன்னைக்கு வண்டிகள்ல அப்படி திருகறதுக்கு ஸ்க்ரூவே கிடையாது, ஸ்டாப் ஸ்க்ரூன்னு ஒண்ணு இருந்தா அது கம்பெனி செட் பண்ணி சீல் வச்சது. அதை திருகினா ஈசியூவோட கணக்கு எல்லாம் குழம்பி நாளைக்கு வேற பிரச்சினையோட எனக்கு இன்னொரு கேள்வி எழுதுவீங்க.

கேள்வி: பேட்டரி புதுசா மாத்தினேன். அதுக்கு முன்னாடி ஐட்லிங் நல்லா இருந்துச்சு, மாத்தின அன்னையிலருந்து லைட் போட்டா ஆஃப் ஆகற மாதிரி வருது, ரெண்டு தடவை ஆஃபே ஆயிடுச்சு. கடைக்காரர் பழைய பேட்டரியை தலையில கட்டிட்டாரா?

பதில்: பாவம் அவர் மேல பழி போடாதீங்க, பெரும்பாலும் பேட்டரி நல்ல பேட்டரிதான். மேல சொன்னேன் பாருங்க, த்ராட்டில்ல கரி அடைய அடைய ஈசியூ பழகிக்கும்னு, அந்த பழக்கத்தை அது ஞாபகத்துல வச்சிருக்கும், பேட்டரியை கழட்டினதும் பல வண்டியில அந்த ஞாபகம் அழிஞ்சிடும். இப்ப அது புது த்ராட்டில்னு நெனச்சு தகட்டை கம்மியா திறக்குது, ஆனா ஓரத்துல கரி அப்படியே இருக்கு, காத்து பத்தல, லைட் போட்டதும் படுத்துடுது. கரி உங்க வண்டியில ரொம்ப நாளாவே இருந்திருக்கு, இப்பதான் மாட்டிக்கிச்சு.

அதனால மொதல்ல துடைங்க, அப்புறம் ஐட்லிங்கை திரும்ப கத்துக் குடுங்க. கம்பெனிக்கு கம்பெனி முறை வேற, சர்வீஸ் மேனுவல்ல இருக்கும், சிலதுக்கு ஸ்கேனர் கட்டாயம் வேணும். பல வண்டிகளுக்கு இன்ஜின் நல்லா சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கற வரைக்கும் எந்த லோடும் போடாம, ஆக்ஸிலரேட்டரை தொடாம ஐட்லிங்ல விட்டுட்டு, அப்புறம் லைட், ப்ளோயர், ஏ.சின்னு ஒவ்வொண்ணா போட்டு கொஞ்ச நேரம் விட்டாலே பிடிச்சுக்கும். துடைக்காம வெறும் ரீலேர்ன் மட்டும் பண்ணி அனுப்பறாங்க சில இடத்துல, அது மறுபடியும் கரிக்கு பழகிக்கும், அடுத்த பேட்டரி மாத்தும்போது இதே கதை. ஆமா, டெர்மினல் கிளாம்ப் இறுக்கமா இருக்கான்னும் ஒரு தடவை கையால திருகி பாத்துடுங்க, சுத்துச்சுன்னா இவ்வளவு நேரம் நான் பேசினதே வேஸ்ட்.

கேள்வி: வண்டி ஓடும்போது பேட்டரி டெர்மினலை கழட்டணும், ஆஃப் ஆனா ஆல்டர்நேட்டர் போச்சு, ஓடினா நல்லா இருக்குன்னு எங்க மெக்கானிக் டெஸ்ட் பண்ணார். சரியான முறைதானா?

பதில்: இல்ல. டைனமோ காலத்து பழக்கம் அது. ஆல்டர்நேட்டர் சார்ஜ் பண்ணிட்டு இருக்கும்போது பேட்டரியை திடீர்னு விடுவிச்சா வோல்ட் ஒரு நொடிக்குள்ள பல மடங்கு எகிறும், அந்த அடியை வாங்கறது ஈசியூ, ஏர்பேக் மாட்யூல், மியூசிக் சிஸ்டம் எல்லாம். அன்னைக்கு ஒண்ணும் ஆகலன்னாலும் உள்ள ஆல்டர்நேட்டரோட டயோடுக்கே (அலையா வர்ற கரண்ட்டை ஒரே பக்கமா ஓட வைக்கற பாகம்) அடி விழுந்திருக்கலாம். அடுத்த தடவை கையை பிடிச்சு தடுங்க.

டயோடுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. வோல்ட் 14 சரியா காட்டியும் ஐட்லிங் ஒழுங்கில்லாம, ரேடியோவுல ஆக்ஸிலரேட்டர் கூடவே ஏறி இறங்கற ஒரு இரைச்சல், காலைல பேட்டரி டவுன், இந்த மூணும் சேர்ந்து வந்தா டயோடை சந்தேகப்படுங்க. மீட்டரை ஏ.சி வோல்ட்டுல வச்சு (குளிர் காத்து ஏ.சி இல்லங்க, அலையா வர்ற கரண்ட்) லோடு எல்லாம் போட்டு பேட்டரியில பாருங்க. 0.1க்கு கீழ இருந்தா நல்லது, 0.5 கிட்ட வந்தா ஒரு டயோடாவது போயிருக்கு. இந்த அலை சென்சார் ஒயர்ல கலந்து ஈசியூவை குழப்பும், அப்ப வர்ற கோளாறு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், பிளக் மாத்துவாங்க காயில் மாத்துவாங்க ஒண்ணும் தீராது.

கேள்வி: லோடு போட்டா ஸ்டியரிங்கும் சீட்டும் நடுங்குது, ஆனா ஸ்கேனர்ல ஆர்.பி.எம் 750ல கல்லு மாதிரி நிக்குது. வோல்ட் 14.1. என்னதான் பிரச்சினை?

பதில்: உங்களைப் போல அளந்துட்டு கேக்கறவங்களுக்கு பதில் சொல்றது எவ்வளவு சுலபம் பாருங்க. இன்ஜினும் சார்ஜிங்கும் பெரும்பாலும் நல்லா இருக்கு, நடுக்கம்தான் பாடிக்கு தப்பிச்சு வருது. இன்ஜின் மவுண்ட் பாருங்க. எண்ணெய் நிரப்பின மவுண்டா இருந்தா ரப்பர்ல விரிசலும் கீழ கருப்பா கசிவும் தெரியும். ஒருத்தர் பானெட் திறந்து நின்னு பாக்கணும், இன்னொருத்தர் பிரேக்கை அழுத்திப் பிடிச்சு கிளட்சை லேசா விட்டு பிடிக்கணும், இன்ஜின் தூக்கி அடிச்சா மவுண்ட் போச்சு. முன்னாடி நிக்காம பக்கவாட்டுல நின்னு பாருங்க.

மவுண்ட் நல்லா இருந்தா ஆல்டர்நேட்டர் புல்லி. புது வண்டிகள் நிறையதுல அந்த புல்லி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கற மாதிரி, உள்ள ஸ்பிரிங்கோட வருது, இன்ஜின் சிலிண்டர் சிலிண்டரா தள்ளறதால வர்ற குலுக்கலை அது உள்வாங்கிக்கும். அது இறுகிட்டா ஐட்லிங்ல பெல்ட் படபடன்னு அடிக்கும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர் கை ஆடிட்டே இருக்கும், லோடு கூடினா இன்னும் ஆடும். டென்ஷனர் ஆடறதை கண்ணால பாக்கலாம், அதுக்கு எந்த மீட்டரும் வேணாம். மாத்தறதா இருந்தா அதே மாதிரி புல்லியே போடுங்க, சாதா புல்லி போட்டா சத்தம் நின்னாலும் நடுக்கம் தங்கிடும்.

கேள்வி: 90கள்ல வந்த ஹோண்டா வச்சிருக்கேன். லைட் போட்டா ஐட்லிங் குறையுது, த்ராட்டில், ஐட்லிங் வால்வு எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, எர்த்தும் பாத்தாச்சு.

பதில்: பானெட்டுக்குள்ள இருக்கற ஃபியூஸ் பாக்ஸ்ல ஈ.எல்.டின்னு ஒரு சின்ன சமாச்சாரம் இருக்கும், மொத்தம் எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாத்து ஈசியூவுக்கு சொல்றதுதான் அதோட வேலை. அது செத்துட்டா ஈசியூவுக்கு லோடு வந்ததே தெரியாது. இன்ஜின் லைட் எரிஞ்சா பி1297, பி1298 இருக்கான்னு பாருங்க. கழட்டறதுக்கு முன்னாடி அதோட கனெக்டர்ல பச்சை பூத்திருக்கான்னு பாத்துடுங்க, பல நேரம் அதை சுத்தம் பண்ணாலே உயிர் வந்துடும்.

கேள்வி: நின்ன இடத்துல ஸ்டியரிங்கை கடைசி வரைக்கும் திருப்பினா லைட் மங்குது, இன்ஜின் ஒரு தடவை முக்குது. எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங். பயப்படணுமா?

பதில்: ஒரு தடவை முக்கி உடனே எழுந்துட்டா பயப்பட ஒண்ணுமில்ல, அந்த மோட்டார் கடைசி வளைவுல பல பத்து ஆம்பியர் ஒரே மூச்சுல இழுக்கும். ஆஃப் ஆயிடுச்சுன்னா மொதல் கேள்விக்கு சொன்னதையே செய்ங்க, பேட்டரியிலருந்து ஆரம்பிங்க. அப்புறம் கடைசி வரைக்கும் திருப்பி அப்படியே அழுத்திப் பிடிச்சுட்டு நிக்காதீங்க, ஒரு விரல் அளவு திரும்ப விட்டுடுங்க.